ஒரு முள், ஒரு நூல், ஒரே ஓர் இறகு... ட்ரவுட் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி!

"அண்ணே, கழுத்து இறகு கிடைக்குமா?"

கோழிக்கடை அண்ணன் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்துக் கறியா தம்பி?"

"இல்லண்ணே, இறகுதான். நாட்டுக்கோழி... பெட்டையா இருந்தா நல்லது. கழுத்துல, முதுகுல இருக்கிற சின்னச் சின்ன இறகு."

வரிசையில் பின்னால் நின்ற அக்கா சிரித்துக்கொண்டே, "காது குடையவா?" என்றார்.

காது குடைய இல்லை, மீன் பிடிக்க. அந்த மீன் சென்னையில் எந்த ஏரியிலும் கிடையாது. அதைப் பிடிக்கும் தூண்டில் கம்பும் என்னிடம் கிடையாது. இதையெல்லாம் கடை வாசலில் நின்று விளக்க முடியாது என்பதால், "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் ஒரு நைட் ஷிஃப்ட்டில் ஆரம்பித்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் இரவு ஒரு மணிக்கு மேல் செய்திகள் கொஞ்சம் ஓயும். அப்போது போன் தானாக ஒரு வீடியோவை நீட்டியது. மேஜையில் ஒரு குட்டி வைஸ். அதன் வாயில் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள தூண்டில் முள். வயதான இரண்டு கைகள் அதில் ஆரஞ்சு நிறப் பட்டுநூலைச் சுற்றுகின்றன. பழுப்புப் புள்ளி போட்ட ஓர் இறகு வருகிறது. இரண்டே சுற்று, ஒரு முடிச்சு, முடிந்தது! 'இதுக்கா இவ்வளவு பில்டப்' என்று நான் நினைக்கும்போதே, அந்தக் கைகள் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மெல்ல இழுத்தன. இறகின் இழைகள் பூச்சியின் கால்களைப்போல மடங்கின, விரிந்தன, மறுபடி மடங்கின. செத்த இறகுக்கு உயிர் வந்துவிட்டது.

அதன் பெயர் 'சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளை'. மெல்லிறகில் கட்டிய பொய்ப்பூச்சி. அன்றிலிருந்து மூன்று வாரம், வீட்டில் எங்கு பார்த்தாலும் இறகுதான்.

கல்லுக்கு அடியிலிருந்து வானத்துக்கு...

நம் ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளில் மண்புழுவைக் குத்துவார்கள், இல்லையென்றால் மைதா உருண்டை. ட்ரவுட் விஷயம் வேறு. குளிர்ந்து, தெளிந்து ஓடும் தண்ணீரை விரும்பும் மீன் அது. ஆற்றில் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு பூச்சிகள். மேஃப்ளை, கேடிஸ் மாதிரியான பூச்சிகள் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றுக் கற்களுக்கு அடியில் கழித்துவிட்டு, ஒருநாள் மேலே நீந்திவந்து, தோலை உரித்துக்கொண்டு சிறகு விரித்துப் பறந்துபோகும். மேலே வரும் அந்தச் சில நொடிகளில் அவற்றால் எங்கும் ஒளிய முடியாது. ட்ரவுட்டுக்கு அதுதான் பந்தி நேரம்!

பறக்கத் தயாராக நீர்ப்பரப்பில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் போலவே மிதக்கும் பொய்ப்பூச்சிக்கு 'ட்ரை ஃப்ளை' என்று பெயர். அதற்கு விறைப்பான சேவல் இறகு வேண்டும். இழைகளின் நுனிகள் தண்ணீரின் மேல் ஊன்றி நிற்க வேண்டுமே. சாஃப்ட் ஹேக்கிள் காட்ட நினைப்பது அதற்கு முந்தைய நிலையை. பாதி உரிந்த தோலோடு, கால்களை உதறிக்கொண்டு மேலே வந்துகொண்டிருக்கும் பூச்சி. இதற்கு விறைப்பு ஆகவே ஆகாது. தண்ணீர் தொட்டதும் இறகு இணங்கிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் பெட்டைக்கோழி, நம் கௌதாரியின் தூரத்துச் சொந்தமான பார்ட்ரிட்ஜ், நம் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்.

இந்த வேலையின் ரகசியம் முழுக்க அந்த ஓர் இறகில்தான் இருக்கிறது. முள் எல்லோருக்கும் ஒன்றுதான், நூலும் ஒன்றுதான். இறகைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கட்டுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் தண்ணீரில் அது வெறும் குச்சி.

வேற்றுக்கிரகவாசி சொன்ன செய்முறை

கோழியின் கழுத்து இறகு கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் அல்லவா? எனக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன். வேற்றுக்கிரகம் எல்லாம் இல்லை, பெயரே அதுதான். விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய நூலில், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளி போட்ட மீன்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று விவரிக்கிறார். முள்ளில் சிவப்பு கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்களாம். எந்தப் பறவை, உடம்பில் எந்த இடம், என்ன நிறம் என்று மூன்றையும் அப்போதே சொல்லியிருக்கிறார்கள்.

1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று 12 பொய்ப்பூச்சிகளுக்குச் செய்முறை தருகிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்தக் கலை ஊறி வளர்ந்தது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும். யார்க்‌ஷயரின் வார்ஃப், நிட், யூர் போன்ற ஆறுகள் மலையிலிருந்து கற்களுக்கு நடுவே வேகமாக இறங்குபவை. அந்த ஓட்டத்தில் மீன் நின்று நிதானித்துப் பார்க்காது. சட்டென்று பார்த்து, சட்டென்று முடிவெடுக்கும். அங்கே அச்சு அசல் பூச்சியைவிட, 'உயிரோடு இருக்கிறது' என்ற ஒரு துடிப்புதான் முக்கியம்.

இதை முதலில் அழுத்தமாக எழுதியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் டபிள்யூ.சி.ஸ்டூவர்ட். 1857-ல் வெளிவந்த 'தி பிராக்டிகல் ஆங்லர்' அவருடைய புத்தகம். அவர் நம்பியது மூன்றே மூன்று 'ஸ்பைடர்'களை. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு சிறிதாக, கால்கள் நீளமாகத் தெரிவதால் அந்தப் பெயர். கறுப்பு ஸ்பைடருக்கு ஸ்டார்லிங்கின் சின்னக் கறுப்பு இறகு. சிவப்பு ஸ்பைடருக்கு கார்ன்கிரேக் என்ற வயல்வெளிப் பறவையின் இறக்கையிலிருந்து ஓர் இறகு. சாம்பல் நிற ஸ்பைடருக்கு, மலை உச்சிகளில் வாழும் டாட்டரெல் பறவையின் இறகு. இந்த டாட்டரெலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

1885-ல் டி.இ.பிரிட் என்பவர் யார்க்‌ஷயர் மீனவர்களிடம் புழங்கிய 62 பொய்ப்பூச்சிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். 'பார்ட்ரிட்ஜ் அண்டு ஆரஞ்ச்', 'ஸ்னைப் அண்டு பர்ப்பிள்' என்று இந்தப் பொய்ப்பூச்சிகளின் பெயர்களைக் கேட்டாலே செய்முறை முடிந்துவிடும். முதல் சொல் இறகு, இரண்டாவது நூலின் நிறம். சாம்பாருக்கு 'பருப்பு அண்டு புளி' என்று பெயர் வைத்ததுபோல!

நடுவில் இதற்கு ஒரு வனவாசமும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தென் இங்கிலாந்தின் கனவான்கள், மிதக்கும் ட்ரை ஃப்ளையில் பிடிப்பதுதான் கௌரவம் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கும் பொய்ப்பூச்சி கொஞ்சம் மட்டமாகப் பார்க்கப்பட்டது. பிறகு 1975-ல் சில்வெஸ்டர் நீம்ஸ் என்ற அமெரிக்கர் 'தி சாஃப்ட் ஹேக்கிள்டு ஃப்ளை' என்ற புத்தகம் எழுத, யார்க்‌ஷயரின் பழைய சரக்கு அமெரிக்க ஆறுகளில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயரும் அந்தப் புத்தகத்தால் பரவியதுதான்.

டம்ளர் டெஸ்ட்

சரி, நம் கோழிக்கடைக்குத் திரும்புவோம். அண்ணன் ஒரு பாலிதீன் பை நிறைய இறகு கொடுத்தார், காசு வாங்கவில்லை. வீட்டு ஹாலில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த அம்மா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஃபேனைப் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து இன்னும் இறகு வந்துகொண்டிருக்கிறது.

பையில் பாதி பிராய்லர் இறகு. அதை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்க வேண்டியிருந்தது. பிராய்லர் கோழி கடைக்கு வரும்போது அதற்கு வயது ஆறேழு வாரம்தான் இருக்கும். இறகு முற்றியிருக்காது. அடித்தண்டு தடித்து, சிலவற்றில் முளைக்குருத்தின் உறை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இழைகள் நுனி வரை வளர்ந்திருக்காது. பறவை ஒருமுறையாவது இறகு உதிர்த்து முளைத்து, வளர்ந்து முடித்ததாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பார்ட்ரிட்ஜ் வேட்டைக் காலம் செப்டம்பரில் தொடங்கினாலும், இறகுக்காகப் பார்க்கிறவர்கள் குளிர்காலம் வரை பொறுப்பது இதனால்தான்.

மீதி இருந்த நாட்டுக்கோழி இறகுகளில் சேவலும் கலந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளரும் தண்ணீரும் போதும். இறகை நனைத்து, மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். சேவலின் கழுத்து இறகு நீண்டு, கூர்மையாக, பளபளவென்று இருக்கும். தண்ணீரில் இழைகள் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கும். பெட்டையின் இறகு அகலமாக, நுனி வட்டமாக இருக்கும். இழுத்தால் இழைகள் பின்னால் படியும், விட்டால் மெல்ல விரியும். அதுதான் வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இறகின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணிழைகள் இருக்கின்றன. பெட்டையில் அவை அதிகம், தண்ணீரை உறிஞ்சும், துவளும். சேவல் கழுத்தில் குறைவு.

மென்மை இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும். முள்ளின் கண்ணருகே இறகைச் சுற்றினால் இழைகளின் நுனி முள்ளின் வளைவு வரை, அதிகம் போனால் ஒரு துளி தாண்டி வரலாம். அதைவிட நீளம் என்றால் பொய்ப்பூச்சி ஒட்டடைக்கோல் மாதிரி ஆகிவிடும். தூண்டில் முள்ளில் நம்பர் கூடக்கூட அளவு சின்னதாகும். 14-ம் நம்பர் முள்ளுக்கு ஏற்ற இறகு ஒரு பறவையில் கொஞ்சம்தான் இருக்கும். பார்ட்ரிட்ஜில் என்றால் கழுத்தை ஒட்டியும் தோள்பட்டையிலும். கீழே போகப்போக இறகு பெரிதாகிக்கொண்டே போகும். பாக்கெட்டில் உதிரியாக விற்கும் இறகை வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாக்கெட் நிறைய இருக்கும், அதில் பயன்படுகிற அளவு பத்துகூடத் தேறாது. விலை அதிகம் என்றாலும் முழுத் தோலாக வாங்குவதுதான் லாபம் என்று அனுபவசாலிகள் சொல்வதை, அந்தப் பாலிதீன் பையைப் பிரித்த பிறகு நானும் நம்புகிறேன்.

அப்புறம் தண்டு. மெலிந்து, வளைந்துகொடுக்க வேண்டும். தடித்த தண்டைச் சுற்றினால் கழுத்தில் கழலை வந்ததுபோல முடிச்சு வீங்கும். சுற்றும்போதே முறிவதும் உண்டு. நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மீன் கீழேயிருந்து, வானத்தின் பின்னணியில்தானே பார்க்கப்போகிறது! பார்ட்ரிட்ஜின் முதுகு இறகு இவ்வளவு பேர் வாங்கக் காரணம் அதிலுள்ள பழுப்புப் புள்ளிகள். சுற்றியதும் ஒவ்வோர் இழையிலும் ஓர் இருட்டும் ஒரு வெளிச்சமும் மாறி மாறி வந்து, கணுக்கணுவான பூச்சிக்கால் மாதிரியே தெரியும். நெஞ்சுப்பக்கத்து இறகு சாம்பல் நிறம், அது வேறு பூச்சிக்கு.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கடை இறகை ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். செத்துக்கிடக்கும் பறவையிலிருந்து இறகு பிடுங்கவே கூடாது. பறவைக் காய்ச்சல் காலத்தில் அது வம்பை விலைக்கு வாங்குவது. கசங்கிய இறகை ஆவியில் காட்டினால் நிமிர்ந்துவிடும். கெட்டில் ஆவி என்றுதான் படித்தேன். இட்லிப் பானை ஆவியும் அதே வேலையைச் செய்தது. அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க, உறையில் போட்டு மூடி ஃப்ரீஸரில் சில நாள் வைப்பார்கள். ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் கோழி இறகைப் பார்த்த அம்மா என்ன சொன்னார் என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு ஏற்றதல்ல.

பூ கட்டுகிற கை

ஆன்லைனில் ஒரு மலிவு வைஸ். மீன்பிடி சாமான் கடையில் இருப்பதிலேயே சின்ன முள். தையல் சாமான் கடையில் ஆரஞ்சு பட்டுநூல். நூல் வழுக்காமல் ஒட்ட, நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் தேன்மெழுகு. இவ்வளவுதான் முதலீடு.

நூலை மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டு, முள்ளின் கண்ணுக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் படியவிட்டுக் கீழே இறங்கி, முள்முனைக்கு நேர் மேலே வந்ததும் திரும்ப வேண்டும். வளைவு வரை போகக் கூடாது. உடம்பு குட்டையாக இருந்தால்தான் அழகு. மறுபடி மேலே வந்து இறகு. அடியிலுள்ள பஞ்சுபோன்ற பகுதியை உருவிப் போட்டுவிட்டு, நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளைப் பின்னோக்கி நீவிவிட வேண்டும். அந்த நுனியை நூலால் கட்டி, தண்டைப் பிடித்து ஒன்றரை அல்லது இரண்டு சுற்று. நூலால் அடக்கி, மீதியை வெட்டி, முடிச்சு போட்டால் தீர்ந்தது.

எழுத எளிது. என் முதல் பூச்சியில் உடம்பு கண் வரை ஏறிவிட்டதால் தலை கட்ட இடமே இல்லை. இரண்டாவதில் தண்டு முறிந்தது. மூன்றாவதில் 'இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் நன்றாக இருக்குமே' என்று நான்கு சுற்று சுற்றினேன். பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி ஒன்று வந்தது. இந்தக் கலையில் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இதுதானாம். கை சும்மா இருக்காது, கூடுதலாக ஒரு சுற்று சுற்றச் சொல்லும். இழைகள் நெருங்கிவிட்டால் தண்ணீரில் ஒன்றோடொன்று மோதி நகராமல் நிற்கும். இடைவெளி இருந்தால்தான் ஒவ்வொரு காலும் தனித்தனியாக அசையும்.

முடிச்சில்தான் நான் மொத்தமாகத் தோற்றேன். விரலில் நூலை வளையமாக மாட்டி, அதை முள்ளின் கண் வழியே தலையில் இறக்கி இறுக்க வேண்டும். பத்து நிமிடமாக நான் நூலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த அம்மா, "இது பூ கட்டுறதுதானேடா" என்று வாங்கினார். முழம் முழமாக மல்லி கட்டிய கை. இரண்டு விரலில் வளையம், ஒரு திருப்பு, உள்ளே தள்ளி ஓர் இழுப்பு. வாழைநாரில் காம்பைப் பிடித்து இறுக்கும் அதே வளையம், அதே இறுக்கம்! அடுத்த பூச்சியை முழுவதும் அவரே கட்டினார். எத்தனை சுற்று என்று நான் சொல்வதற்கு முன்பே இரண்டில் நிறுத்திவிட்டு, "நெருக்கிக் கட்டினா காம்பு நசுங்கிடும்" என்றார்.

அதை டம்ளரில் போட்டோம். நைட் ஷிஃப்ட் வீடியோவில் பார்த்தது எங்கள் வீட்டு டம்ளரிலும் நடந்தது. உலர்ந்திருந்தபோது கண்ணைப் பறித்த ஆரஞ்சு நூல், நனைந்ததும் கறுத்து, பூச்சியின் வயிற்று நிறத்துக்கு வந்துவிட்டது. இதையும் கணக்கில் வைத்துத்தான் பழைய ஆட்கள் பட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"காட்டுக்கோழி கழுத்து வேணுமா?"

இறகு தேடுகிறேன் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டது தப்பாகிவிட்டது. மலைப்பக்கத்திலிருந்து, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் போட்டோ அனுப்பினார். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து. கறுப்பு இறகில், மெழுகு சொட்டுவைத்ததுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். நிஜமாகவே மூச்சு நின்றுவிட்டது, அவ்வளவு அழகு.

இந்தப் பறவை தென்னிந்தியாவின் சொத்து. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதிகாலையில் கூவுவது இதுதான். நம் வீட்டுக்கோழிகளின் மஞ்சள் கால் நிறத்துக்கான மரபணுவே இதனிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. விக்டோரியா காலத்து சால்மன் மீன் ஃப்ளைகளில் 'ஜங்கிள் காக்' என்ற பெயரில் கண் வைப்பதுபோல வைத்தது இந்த இறகைத்தான். அதற்காக ஒருகாலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாகக் கழுத்துத் தோல் போனது. இன்று 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையும் குற்றம், அந்தத் தோலை விற்பதும் குற்றம். வெளிநாட்டில் சட்டப்படி விற்கப்படுபவை, அங்கேயே கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகுகள். 'வேண்டாம் சார், இதை யாருக்கும் அனுப்பாதீங்க' என்று பதில் போட்டேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை.

இறகு ஆசை எதுவரை போகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. 2009 ஜூனில், லண்டனுக்கு வெளியே ட்ரிங் என்ற ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின. அவற்றில் சில, டார்வின் காலத்து விஞ்ஞானி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் காடு காடாக அலைந்து சேகரித்தவை. திருடியவர் லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர், சால்மன் ஃப்ளை கட்டுவதில் கில்லாடி. இதைப் பற்றி 'தி ஃபெதர் தீஃப்' என்று ஒரு புத்தகமே வந்திருக்கிறது.

அந்த ஆடம்பர சால்மன் ஃப்ளைகளுக்குப் பக்கத்தில் சாஃப்ட் ஹேக்கிள் ஒரு கதர்ச்சட்டை. ஆனால், அதன் கையும் முழுக்கச் சுத்தம் இல்லை. ஸ்டூவர்ட்டின் பட்டியலை இன்று படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. வயல்களில் இயந்திர அறுவடை வந்த பிறகு கூடுகள் நசுங்கி, கார்ன்கிரேக் பிரிட்டனில் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் தீவுகளுக்குள் ஒடுங்கிவிட்டது. டாட்டரெல் இப்போது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பார்ட்ரிட்ஜும் ஸ்டார்லிங்கும்கூட அங்கே எண்ணிக்கை சரிந்து சிவப்புப் பட்டியலில். அதே ஸ்டார்லிங், 1890-ல் நியூயார்க்கில் கொண்டுவந்து விடப்பட்டதால் அமெரிக்காவில் பெருகித் தொல்லையாகிவிட்டது. அங்கே அதன் தோலை வாங்குவதில் ஒரு தடையும் இல்லை. ஆனால், அதே அமெரிக்காவில் 1918-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் உதிர்ந்த இறகைத் தரையிலிருந்து பொறுக்கி வைத்திருப்பதுகூடத் தப்பு.

'மாற்று இறகில் கட்டினால் அது அசல் ஆகுமா?' என்று ஒரு சண்டை இந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு. என் கட்சி எது என்று கேட்டால், மறுபடியும் ஸ்டூவர்ட்தான். டாட்டரெல் துரதிர்ஷ்டவசமாக மிகவும் அரிதாகிவிட்டது, ஸ்டார்லிங் இறக்கையின் உட்பக்கத்துச் சின்ன இறகு அதற்கு நல்ல மாற்று என்று 1857-லேயே அவர் எழுதிவைத்துவிட்டார். அசல் செய்முறைக்குள்ளேயே மாற்றும் இருக்கிறது! இன்று பார்ட்ரிட்ஜுக்குப் பதில் பலர் வாங்குவது 'பிரம்மா' என்ற இனத்துப் பெட்டைக்கோழியின் இறகு. பிரம்மபுத்திரா நதியின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. நம் ஊரில் என்றால் நாட்டுக்கோழி, கினிக்கோழி, வான்கோழி போதும். மயில், கௌதாரி, மைனா என்று காட்டுப் பறவைகள் பக்கம் போகவே வேண்டாம்.

அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம்

'எல்லாம் சரி, தமிழ்நாட்டில் ட்ரவுட் ஏது?' என்று கேட்பவர்களுக்கு... இருக்கிறது. நீலகிரியின் குளிரில் ஊர் ஞாபகம் வந்த ஆங்கிலேயர்கள், 1860-களிலேயே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார்கள். ஹெச்.சி.வில்சன் என்ற மீன்வள நிபுணரின் முயற்சியில் 1907-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நீலகிரி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. இப்படித்தான் மூணாறு, காஷ்மீர், இலங்கையின் நுவரெலியா பக்கமெல்லாம் இந்த மீன் போய்ச் சேர்ந்தது. அதாவது, யார்க்‌ஷயர் பொய்ப்பூச்சியும் தென்னிந்தியக் காட்டுக்கோழியும் மீன்பிடிக்காக எதிரெதிர்த் திசையில் பயணம் போயிருக்கின்றன.

நான் இன்னும் அவலாஞ்சிக்குப் போகவில்லை. அம்மா கட்டிய பூச்சி ஒரு பாட்டில் கார்க்கில் குத்தப்பட்டு, ஃப்ரிட்ஜ் மேல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க வரும் விருந்தாளிகளுக்கு எல்லாம் அம்மாவே டம்ளரில் போட்டுக் காட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு போன். கோழிக்கடை அண்ணன்.

"தம்பி, இன்னிக்கு ஒரு புள்ளிப்பெட்டை வந்திருக்கு. நல்லா முத்தின கோழி. கழுத்தைத் தனியா எடுத்து வைக்கவா?"